கடல்நீர்த் தொட்டியில் உப்பளவு: மீட்டரைச் சைபரில் மட்டுமல்ல, 35-லும் சரிபாருங்கள்

போன சித்திரையில் கோவையில் ஒரு கடையிலிருந்து இரண்டு க்ளீனர் இறால் (மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் இறால்) வாங்கி வந்தேன். கடைத் தொட்டியில் உப்பு 35 என்றார்கள், என் வீட்டு மீட்டரும் என் தொட்டிக்கு 35 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு இறாலை உள்ளே விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் இரண்டுமே செத்துக் கிடந்தன. அம்மோனியா, நைட்ரைட், பிஎச் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. ஒரு வாரம் கழித்து மீட்டரையே சந்தேகப்பட்டுச் சோதித்தபோதுதான் தெரிந்தது, என் தொட்டியில் இருந்தது 35 அல்ல, சுமார் 31.5. க்ளவுன் மீன்கள் மாதக்கணக்கில் அதிலேயே பழகிவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. 35-லிருந்து திடீரென்று அதில் விழுந்த இறால்தான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். இன்னொருவர் வீட்டில் இது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாம் பிடிக்க வேண்டிய அளவு 35 பிபிடி, அதாவது ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்புகள். 25 டிகிரியில் இதன் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது சுத்தத் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது, 1.0264. ஆர்ஓ தண்ணீர், உப்பு மிக்ஸ் கலக்கும் விதம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நேரே அளப்பதற்கு வருகிறேன்.

எதில் அளப்பது? பிளாஸ்டிக் பெட்டிக்குள் முள் ஆடும் ஹைட்ரோமீட்டரை வாங்காதீர்கள். முள்ளில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டினாலே முள் மேலே ஏறி உப்பு அதிகம் என்று காட்டும், நாளடைவில் உப்புப் படிந்தால் அளவு இன்னொரு பக்கம் தவறும். மிதக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் நல்ல கருவி, ட்ராபிக் மரின் போன்ற பெரியதாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அது எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று அதன் மேலேயே எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், நீர்மட்டத்தின் வளைவில் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் கை தவறினால் உடைந்தும் போகும். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்க்கும் கண்டக்டிவிட்டி பேனாவையும் நம்பலாம், 35 பிபிடி கடல்நீர் 25 டிகிரியில் 53 மில்லிசீமன்ஸ் காட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது கையில் பிடித்து வெளிச்சத்தைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர்தான், தண்ணீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை வைத்து அது உப்பைக் காட்டும். இரண்டு சொட்டு தண்ணீர் போதும், பேட்டரி வேண்டாம், பல வருடம் உழைக்கும். ஏடிசி என்ற வெப்பத் திருத்தம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது என்னை ஏமாற்றிய இடம். மீட்டருடன் வந்த தாளில், சுத்தத் தண்ணீர் விட்டு திருகாணியைத் திருப்பிச் சைபருக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கும். நானும் ஆர்ஓ தண்ணீரில் மாதம் தவறாமல் அதைச் செய்தேன், சைபர் சைபராகவே நின்றது. ஆனால் சைபரில் சரியாக இருக்கும் மீட்டர் 35-ல் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தையல் டேப் இழுத்து நீண்டுவிட்டால் தொடக்கம் சரியாக இருக்கும், போகப் போகத் தவறு கூடிக்கொண்டே வரும், அதே கதைதான். போதாததற்கு, கடல்நீருக்கென்று விற்கும் மீட்டர்கள் பலவற்றில் கோடுகள் சாதா உப்புக் கரைசலுக்குப் போட்டவை. கடல்நீரில் மெக்னீசியம், சல்பேட் எல்லாம் இருப்பதால் ஒளி வளையும் அளவு வேறு: 35 பிபிடி கடல்நீரும் 36.5 பிபிடி சாதா உப்புக் கரைசலும் ஒரே அளவுக்கு ஒளியை வளைக்கும். ஆக, 35-க்குச் சமமான ஒரு கரைசலை வைத்து அந்த இடத்திலேயே மீட்டரைத் திருத்திவிட்டால் இரண்டு தவறும் ஒரே திருகில் போய்விடும்.

அந்தக் கரைசல் கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும். வீட்டிலும் செய்யலாம். சுத்தமான தூள் உப்பு 36.5 கிராம், ஆர்ஓ தண்ணீர் 963.5 கிராம், மொத்தம் 1000 கிராம். தண்ணீரையும் எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அளவுக் குவளையில் ஊற்றக்கூடாது. கல் உப்பு வேண்டாம், அதில் ஈரமும் மற்ற உப்புகளும் இருக்கும். தூள் உப்பையும் வெறும் வாணலியில் கொஞ்ச நேரம் சூடாக்கி ஆறவிட்டு எடுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே போகும், இங்கே ஒரு கிராம் போனால் கிட்டத்தட்ட ஒரு பிபிடி போய்விடும். நான் ராஜ வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் போய் அவர் தராசில்தான் உப்பை நிறுத்தி வாங்கி வந்தேன். தண்ணீருக்கு வீட்டுத் தராசே போதும், அங்கே ஒரு கிராம் பெரிய விஷயமில்லை.

பிறகு கரைசலையும் மீட்டரையும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் வையுங்கள். கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு மூடியைக் குமிழி இல்லாமல் சாய்த்து மூடி, முழுதாக ஒரு நிமிடம் பொறுங்கள். உடனே பார்க்காதீர்கள், சொட்டும் கண்ணாடியும் ஒரே வெப்பத்துக்கு வந்தால்தான் ஏடிசி வேலை செய்யும். வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டை 35-க்குத் திருகுங்கள். நான் முதல்முறை வைத்தபோது அந்தக் கோடு 39-ல் நின்றது. 35-ஐ 39 என்று காட்டும் மீட்டர் 35 என்று காட்டினால் உண்மை 35 × 35 ÷ 39, அந்தக் கணக்கில்தான் தொட்டியின் 35 உண்மையில் சுமார் 31.5 என்று தெரிந்தது. திருகிய பிறகு சுத்தத் தண்ணீருக்குச் சைபர் வராமல் போகலாம், அதை மறுபடி தொடாதீர்கள். நாம் அளப்பது 35 பக்கத்தில்தான்.

தொட்டியில் அளக்கும்போது முதலில் ஆவியான தண்ணீரை ஆர்ஓ ஊற்றிக் குறியிட்ட மட்டத்துக்கு நிரப்பி, ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, அப்புறம் எடுங்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும், மட்டம் குறைந்திருக்கும்போது அளந்தால் உப்பு அதிகமாகத்தான் காட்டும். பார்த்து முடித்ததும் ஆர்ஓ தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

குறைவாக இருந்தால் பதறி உப்பைக் கொட்டக்கூடாது. விசிறி வைத்த என் 200 லிட்டர் தொட்டியில் கோடையில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகும். ஆர்ஓவுக்குப் பதில் 35-ல் கலந்த உப்புத் தண்ணீரையே தினமும் 3 லிட்டர் ஊற்றினேன், அதில் 105 கிராம் உப்பு, நாளுக்கு அரை பிபிடி ஏறும். ஒரு வாரத்தில் 31.5 மெதுவாக 35-க்கு வந்தது. மீன்கள் ஒருவேளை தீனியைக்கூட விடவில்லை.

எழுதிய பிறகு வந்த கேள்விகள் சில. ஈரோட்டுத் தம்பி ஒருவர், "ஏனுங்கண்ணா, ஒரு லிட்டர் தண்ணியில 36.5 கிராம் போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டார். ஆகாது தம்பி, மொத்த எடை ஆயிரத்தைத் தாண்டிவிடும், கரைசல் 34 பக்கத்தில்தான் நிற்கும், அதை 35 என்று திருகிவிடுவீர்கள். தண்ணீரை ஒரு கிலோவாகவே வைக்க வேண்டுமென்றால் உப்பு 37.9 கிராம். அவரே மறுபடி, மத்தியானம் ஒன்று காலையில் ஒன்று காட்டுகிறது என்றார். ஏடிசி பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான், ஈரோட்டுச் சித்திரை மத்தியானத்தை அது தாங்காது. காலையில் அளந்து பழகுங்கள்.

கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு அக்கா, வீட்டில் கரும்புக்குப் பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) பார்க்கும் மீட்டர் இருக்கிறது, அதையே வைக்கலாமா என்று கேட்டார். தத்துவம் ஒன்றுதான் அக்கா, ஆனால் அதன் கோடுகள் சர்க்கரைக்குப் போட்டவை, கடல்நீர் அதன் முதல் சில கோடுகளுக்குள் அடங்கிவிடும், அரை பிபிடி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

பாட்டிலை இறுக்கி மூடாமல் வைத்தால் கரைசலும் ஆவியாகி உப்பு ஏறிவிடும் என்பதை நானே பிற்பாடுதான் கவனித்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்கிறேன்.

இன்னொன்று, புதிதாக எது வாங்கினாலும் கடையில் சொல்லும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், பைத் தண்ணீரை உங்கள் மீட்டரில் வைத்துப் பாருங்கள். மார்கழியில் மறுபடி ஒரு ஜோடி இறால் வாங்கினேன். பையில் 33, தொட்டியில் 35. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டு, பையிலும் 35 வந்த பிறகுதான் மாற்றினேன். இப்போது இரண்டும் பாறைக்கு அடியில் நின்று க்ளவுன் மீனின் செவுளைச் சுத்தம் செய்துகொண்டிருக்கின்றன.