ஐ.நா. கொடியில் நம்ம ஊர் எந்தப் பக்கம்?

ஐ.நா. தினமான அக்டோபர் 24 நெருங்கினால் முத்தியால்பேட்டை பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து ஐ.நா. கொடி கேட்டு வருவார்கள். போர்டு எழுதுகிற எனக்கு இது சின்ன வேலைதான், ஆனாலும் அளவு தப்பினால் அசிங்கமாகிவிடும்.

வெளிர்நீலத் துணி 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். சின்னத்தின் உயரம் கொடியின் அகலத்தில் பாதி, அதாவது 30 செ.மீ. நட்டநடுவில் ஒரு புள்ளி. அதுதான் வட துருவம். அதைச் சுற்றி 2 செ.மீ. இடைவெளியில் ஐந்து வட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு இடைவெளியும் 30 பாகை அட்சரேகை. மூன்றாவது வட்டம் பூமத்திய ரேகை, கடைசி வட்டம் தெற்கே 60 பாகை. வரைபடம் அதோடு முடிவதால் அண்டார்டிகா கிடையாது. 'விட்டுட்டீங்களே சார்' என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இதுதான்.

கிரீன்விச் கோடு, அதாவது பூஜ்ஜியத் தீர்க்கரேகை, மையத்திலிருந்து நேர் கீழே இறங்க வேண்டும். ஐ.நா. உருவான 1945 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுச் சின்னத்தில் வட அமெரிக்காதான் நடுநாயகம். 1946இல் உலகத்தைத் திருப்பி இப்படி வைத்தார்கள். அதனால் இந்தியா வலப்பக்கம் வரும், கட்டைவிரல் நகம் அளவுக்கு. நம்ம புதுச்சேரி மையத்திலிருந்து 5.2 செ.மீ. தள்ளி, மையம் வழியாகப் போகும் படுக்கைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. அங்கே புள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். வைக்காதீர்கள்.

சுற்றியிருப்பது நெற்கதிர் இல்லை, ஒலிவக் கிளைகள், சமாதானத்துக்கு. ஒலிவ இலையைப் பார்க்காதவர்கள் அரளி இலையைச் சின்னதாக்கி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காம்பும் கீழே குறுக்காகச் சேர வேண்டும்.

பழைய எக்ஸ்ரே பிலிமில் ஸ்டென்சில் வெட்டி, வெள்ளை ஃபேப்ரிக் பெயிண்டை ஸ்பாஞ்சில் ஒற்றி எடுங்கள். பிரஷ் வேண்டாம், ஓரத்தில் கசியும். ஐப்பசி மழையில் சீக்கிரம் காயாது. ஃபேனுக்கடியில் ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள். ஒற்றைத் துணியில் பின்னாலிருந்து பார்த்தால் இந்தியா இடப்பக்கம் போய்விடும். எனவே இரண்டு துணியில் தனித்தனியாக அடித்து, முதுகோடு முதுகு சேர்த்துத் தைப்பதே சரி.

போன வருஷம் ஒரு டிராவல்ஸ்காரர் இதே சின்னத்தைக் கடை போர்டில் கேட்டார். சின்னங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் போடக்கூடாது என்று சொல்லி, சாதாரண உலக உருண்டை ஒன்றை வரைந்து கொடுத்தேன்.