பெயரை மட்டும் துரத்தாதீர்கள்: பழைய அமெரிக்கக் கிராமங்களில் முன்னோரைத் தேடுபவர்களுக்கு

பழைய அமெரிக்கக் கிராமக் குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். சறுக்குவதும் அங்கேதான். ஒரே கவுண்டியில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பகுதி), ஒரே காலத்தில், பல ஜான் ஸ்மித்கள் இருந்திருப்பார்கள். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்று இருப்பதைப் பார்த்து அப்பா, மகன் என்று முடிவு கட்டாதீர்கள். ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர் யார் என்று காட்டவும் அப்படி எழுதினார்கள். அவர்கள் சொந்தக்காரர்களாகவே இல்லாமலும் இருக்கலாம்.

பெயரைவிட நிலம் நம்பகமானது. பத்திரத்தில் எந்த ஓடை எல்லை, பக்கத்து நிலம் யாருடையது, சாட்சி யார், விற்பனைக்குச் சம்மதித்த மனைவியின் பெயர் என்ன என்று பாருங்கள். இரண்டு ஜான்களைப் பிரித்துக் காட்டுவது இந்த விவரங்கள்தான்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1850இல்தான் அடிமைகளாக இல்லாத எல்லோரின் பெயரும் வந்தது. உறவுமுறையை எழுதியதோ 1880இல்தான். ஆக, 1850 பட்டியலில் 45 வயது ஆண், 28 வயதுப் பெண், 16 வயதுப் பையன் என்று இருந்தால், அந்தப் பையனை அவளுக்கு மகனாக்கிவிடாதீர்கள். மூத்த தாரத்தின் பிள்ளையாகவோ, தம்பியாகவோ, பண்ணை வேலைக்கு வந்தவனாகவோ இருக்கலாம்.

கவுண்டி எல்லைகளும் மாநில எல்லைகளும் மாறிக்கொண்டே இருந்தன. கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவோடு இருந்தது. குடும்பம் இடம் மாறாமலே மாநிலம் மாறியிருக்கும்.

தேதியிலும் கவனம் வேண்டும். 1752க்கு முன் பிரிட்டிஷ் காலனிகளில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஏப்ரல் 1740இல் கல்யாணம், பிப்ரவரி 1740இல் குழந்தை என்று பதிவில் இருந்தால், அந்தக் கணக்கில் 1740இன் பிப்ரவரி ஏப்ரலுக்குப் பின்தான் வரும்; குழந்தை பிறந்தது பத்து மாதம் கழித்து. இது தெரியாமல் ஒரு பெண்ணின் மேல் வீண்பழி போடுவது கொடுமை.

என்னை அதிகம் வருத்துவது, அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வம்சத்தைத் தேடுபவர்கள், விடுதலைக்குப் பின் நடந்த முதல் கணக்கெடுப்பான 1870க்கு முன் ஒன்றும் கிடைக்காது என்று விட்டுவிடுவதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எஜமானரின் பெயருக்குக் கீழே பெரும்பாலும் வயது, பாலினம், நிறம் மட்டுமே இருக்கும் என்பது உண்மை. ஆனால் எஜமானரின் உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் அவர்களின் பெயர்கள் இருக்கலாம். விடுதலைக்குப் பின் அவர்கள் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர் கடைசி எஜமானருடையதாகவே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கப்பட்டு 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃபிரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளையும் பாருங்கள். கணக்கு தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், சில சமயம் பழைய எஜமானரின் பெயர்கூட அதில் இருக்கும்.