ஒரே மந்திரம், மூன்று பொருள்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த மந்திரம் ஃபெதர் ஃபால். விழுகிறவர்களில் ஐந்து பேர் வரை, ஒரு சுற்றுக்கு 60 அடி என்று மெல்ல இறங்குவார்கள். தரையைத் தொடும்போது அடிபடாது. அதை வைத்தே மோதிரம், போர்வை, செருப்பு என்று மூன்று மாயப் பொருள்களை, ஆட்டத்தை நடத்துபவனாக, என் ஆட்டக்காரர்களுக்குச் செய்து கொடுத்தேன். மூன்றும் அதே மந்திரத்தைத்தான் போட்டன. அப்புறம் மலை விளிம்பில் யாருக்கும் பயமில்லை. விழும் ஒவ்வொரு 10 அடி உயரத்துக்கும் ஓர் ஆறுமுக டைஸ் என்று காயத்தை எண்ணி எண்ணி உருட்டும் அந்தப் பதற்றமே போய்விட்டது.

சரி, மந்திரத்தையே பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். செருப்பு போட்டவரை மட்டும் தாங்கும், அதுவும் நாளுக்கு ஒருமுறை. போர்வையை அடுத்தவர் மேல்தான் வீச வேண்டும்; வீசியவருக்குப் பயன் கிடையாது. மோதிரம் ஆளைக் காக்காது, கையிலிருந்து விடும் சின்னப் பொருளை மிதக்க வைக்கும். எதற்கும் அட்யூன்மெண்ட், அதாவது பொருளை ஒருவர் தன்னோடு பிணைத்துக்கொள்வது, கேட்கவில்லை. அப்படிப் பிணைக்க ஒருவருக்கு மூன்று இடம்தான். சின்னப் பொருளுக்காக அதில் ஒன்றை அடைப்பது நியாயமில்லை.

மோதிரம்தான் என்னை அசத்தியது. பாழுங்கிணற்றில் ஒருத்தி எரியும் விளக்கை விட்டாள். அது மெதுவாக இறங்க இறங்கப் பாசி படிந்த சுவர் தெரிந்தது, பிறகு பாதி ஆழத்தில் ஒரு கதவு. மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.