ஊருக்குப் போகிறீர்களா? கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்

டர்பனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு போகிறவர்கள் விசா, மாத்திரை, கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய சாமான் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறார்கள். மின்சாரத்தை யாரும் நினைப்பதில்லை. நினைக்கத் தோன்றாததற்குக் காரணமும் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம்முடைய பெரிய மூன்று உருண்டை முள் பிளக்கும், அங்கே ஏசிக்கும் கீசருக்கும் வைத்திருக்கிற 16 ஆம்பியர் சாக்கெட்டும் ஒரே பழைய பிரிட்டிஷ் அளவிலிருந்து வந்தவை. பெரும்பாலும் அடாப்டர் இல்லாமலே உள்ளே போய்விடும். வேலையும் செய்யும்.

வித்தியாசம் இருப்பது மெயின் போர்டில். தென்னாப்பிரிக்க வீடுகளில் நாம் டிபி என்று சொல்கிற பெட்டியைத் திறந்தால் 'எர்த் லீக்கேஜ்' சுவிட்ச் ஒன்று இருக்கும். வீட்டை விற்கவேண்டுமானால் மின் இணைப்புக்குத் தகுதிச் சான்றிதழ் காட்டியாக வேண்டும் என்பதால் அது இல்லாத வீடு இங்கே அபூர்வம். கெட்டில் நனைந்தாலோ அயர்ன்பாக்ஸ் ஒயர் பிய்ந்தாலோ 'டிரிப் ஆகிவிட்டது' என்று சலித்துக்கொண்டு திரும்பத் தூக்கிவிடுகிறோம். அந்தச் சலிப்புக்குப் பின்னால் ஒரு உயிர் தப்பியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. தாத்தா பாட்டி வாழ்ந்த கிராமத்து வீட்டில் அந்தச் சுவிட்ச் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

அது என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இல்லாததன் ஆபத்து புரியும். வீட்டுக்குள் போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில், அதாவது ஒரு மனிதரின் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால்கூட, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்சிபி, அதாவது லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ விழுகிற சாதாரண சுவிட்ச், இந்த வேலையைச் செய்யாது. ஈரக்கையோடு இருப்பவரின் உடல் தடையை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அவர் வழியாக 230 மில்லி ஆம்பியர் ஓடும். இதயத் துடிப்பு தாறுமாறாகிப்போக அது தாராளம். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபி 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையத் தொடங்கும். அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல.

அதனால் போய் இறங்கிய முதல் நாளே மெயின் போர்டைப் பாருங்கள். பீங்கான் ஃபியூஸ் கட்டை மட்டும் இருந்தால் பழைய வயரிங். சின்னச் சின்ன எம்சிபி வரிசையாக இருந்தால் பாதி நிம்மதி. அவற்றோடு கொஞ்சம் அகலமான ஒரு சுவிட்ச் இருந்து, அதில் 'T' என்று எழுதிய பட்டனும் 30 எம்ஏ என்ற எழுத்தும் இருந்தால் அதுதான் ஆர்சிசிபி, நம் எர்த் லீக்கேஜ் சுவிட்சுக்கு அங்கே உள்ள பெயர். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அந்தப் பட்டனை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்படியே, எந்தச் சுவிட்சைப் போட்டால் வீடு முழுவதும் அணையும் என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை அணைத்த பிறகும் சில லைட், ஃபேன் லைனில் கரண்ட் இருக்கும். அதை எங்கே நிறுத்துவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்சிசிபி இல்லையா? ஒன்று வாங்கிப் போட்டுக்கொடுங்கள். ஊருக்கு நாம் வாங்கிப்போகிற சாக்லேட்டையும் செண்ட்டையும் விட இது பெரிய பரிசு என்று நான் மனதாரச் சொல்வேன். மாமா சும்மா இருக்கமாட்டார். "நாப்பது வருஷமா இதே வீட்லதான் இருக்கோம் மாப்ள, ஒண்ணும் ஆகலையே" என்பார். வாதாட வேண்டாம். "உங்க பேரப்பிள்ளைங்க ஈரக்காலோட ஓடுதுங்க மாமா, எனக்காகப் போட்டுக்கங்க" என்று சொல்லுங்கள், கேட்பார். தெரிந்த, உரிமம் உள்ள ஒயர்மேனையே கூப்பிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற எம்சிபிகளை எடுக்கக் கூடாது, இரண்டும் வேண்டும்.

போட்ட பிறகுதான் உண்மையான சோதனை. பழைய வீட்டில் ஆர்சிசிபி அடிக்கடி விழும். 'பொருள் சரியில்லை' என்று சொல்லி ஒரு வாரத்தில் அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ வீடுகளில் நடக்கிற கதை இது. அது விழுகிறது என்றால் வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது. பழைய ஃபிரிட்ஜ், தண்ணீர் இறங்கிய கிரைண்டர் மோட்டார், மழை நனைத்த மொட்டைமாடி லைட், நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிவிட்ட ஒரு சுவிட்ச் பாக்ஸ், இவற்றில் ஒன்றாக இருக்கும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால், பிளக்கில் ஓடுகிற சாமான்தான் காரணமென்றால் அகப்படும், இல்லையென்றால் ஒயர்மேன்தான் பார்க்க வேண்டும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். கிளம்பிய பிறகு யாரும் செய்யமாட்டார்கள்.

குளியலறைக்கு வருவோம். நம் வீடுகளில் பாத்ரூமுக்குள் சாதாரண பிளக் பாயின்ட் இருக்காது, கீசர் பெரும்பாலும் சீலிங்குக்கு மேலே எங்கோ இருக்கும். அங்கே கீசர் தலைக்கு மேலேயே தொங்கும், அதன் சாக்கெட்டும் பக்கத்திலேயே இருக்கும். தண்ணீர் சுட்டதும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள். வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு இருந்தால் இன்னும் கவனம். தண்ணீருக்குள் வைத்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும், அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும், இரும்பு வாளி வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்வதே மேல். செருப்பை வாசலில் விட்டு, கழுவிய தரையில் வெறுங்காலோடு நடக்கிற வீடு என்பதையும் மறக்காதீர்கள்.

துணி காயப்போடும் கம்பி. இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயரைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி இழுத்திருப்பார்கள். அதன் கொக்கியிலோ, தகரக் கூரையின் சட்டத்திலோ கொடிக்கம்பியைக் கட்டிவிடுவார்கள். வெயிலிலும் காற்றிலும் சர்வீஸ் ஒயரின் உறை உரசி உரிந்தால் கொடிக்கம்பி முழுவதும் கரண்ட். ஈரத்துணியோடு போகிறவர் முதலில் தொடுவது அதைத்தான். தொட்டவரைக் காப்பாற்ற ஓடிவந்தவரும் சேர்ந்து இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் படிக்கிறோம். கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். அரைமணி நேர வேலை.

பிளக் விஷயம் சுருக்கமாக. சார்ஜர், மிக்சி எல்லாம் போகிற 6 ஆம்பியர் சாக்கெட்டில் நம் பெரிய பிளக் நுழையாது, இங்கே புதிதாக வருகிற சிறிய மூன்று முள் பிளக்கும் பொருந்தாது. மூன்று முள் உள்ள அடாப்டரே வாங்குங்கள். எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தி இரண்டு முள்ளைச் செருகுவதும், ஒயரைத் தீக்குச்சியால் அடைத்துச் சொருகுவதும் வேண்டாம். ஊரிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். மூன்று முள் சார்ஜரில் லேப்டாப் ஓடும்போது அதன் உலோக மூடியில் விரலால் தடவினால் சுருசுருவென்று ஒரு நடுக்கம் தெரிந்தால், அந்தச் சாக்கெட்டின் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருக்கலாம். ஒயர்மேனிடம் காட்டுங்கள். அதே சாக்கெட்டில்தான் அத்தை கிரைண்டரைப் போடுகிறார்.

வெளியே போனால் மழையும் திருவிழாவும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, நாம் போகிற நேரம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் கம்பங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. அறுந்து கிடக்கிற கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம்.

குலதெய்வக் கோயில் தேரை இழுக்கப் போகிறவர்களுக்கு: 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். இங்கே கோயில்களில் தேர் இழுத்துப் பழகிய நமக்கு அந்த வடத்தைத் தொட எவ்வளவு ஆசை இருக்கும் என்று தெரியும். 'தெருவில் கரண்டை நிறுத்தியாச்சா?' என்று விழாக்குழுவிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சீரியல் லைட்டைப் பிள்ளைகள் தொடவேண்டாம், தோட்டத்தில் முருங்கைக்காயை இரும்புத் தொரட்டியால் பறிக்க வேண்டாம். வயல் வரப்பில் விடிகாலையில் நடக்கும்போது வேலிக் கம்பியை விட்டு விலகியே நடங்கள். காட்டுப்பன்றிக்கென்று சட்டவிரோதமாக அதில் கரண்ட் கொடுத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் முதலில் மெயின், பிறகுதான் ஆள். அணைக்க முடியவில்லை என்றால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள், கையால் இழுக்காதீர்கள். இது வீட்டுக் கரண்டுக்கு மட்டும். உயர் அழுத்தக் கம்பி என்றால் கிட்டவே போகக் கூடாது. மூச்சு இல்லையென்றால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்ல' என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

திரும்பும்போது கோயம்புத்தூர் கிரைண்டரோ மிக்சியோ வாங்கி வருபவர்கள் உண்டு. வோல்டேஜ் ஒன்றுதான், இங்கே நன்றாக ஓடும். பிளக்கை மட்டும் டர்பன் வந்ததும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, எர்த் ஒயரையும் சேர்த்து மூன்றும் பொருத்தி மாற்றிக்கொள்ளுங்கள்.