வைவா முடிந்தபின்: திருத்தம் முதல் பட்டம் வரை

முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுதான் வைவா. அது முடிந்து கைகுலுக்கி வாழ்த்தினாலும் தேர்வாளர்கள் தருவது பரிந்துரைதான். பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதன் கடிதம் வரும்வரை பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட வேண்டாம்.

கேட்ட கேள்விகளையும் சுட்டிய பக்கங்களையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். இரண்டு நாள் போனால் ‘மூன்றாம் இயலில் ஏதோ சொன்னாரே’ என்பதுதான் மிஞ்சும். ஆனால் திருத்தத்தை எழுத்தில் வரும் அறிக்கையை வைத்தே செய்யுங்கள்; வாயால் சொன்னதெல்லாம் அதில் இருக்காது. திருத்தத்துக்கான கெடு வைவா நாளிலிருந்தா, அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்தா என்று அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

எழுத்துப்பிழை, விடுபட்ட மேற்கோள், ஒரு பத்தி விளக்கம் போன்றவை சிறு திருத்தம். பெரும்பாலும் ஒரே தேர்வாளர் பார்த்துக் கையெழுத்திடுவார். புதிய பகுப்பாய்வு கேட்டால் பெருந்திருத்தம். மறுசமர்ப்பிப்பு என்றால் இன்னொரு வைவாவும் வரலாம்.

அதிகம் மெனக்கெட வேண்டியது திருத்த அட்டவணைக்கு. மூன்று கட்டம் போதும்: தேர்வாளர் சொன்னது, நீங்கள் செய்தது, பக்க எண். ‘மாதிரி அளவு ஏன் 40?’ என்பதற்கு எதிரே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினால் அவர் ஆய்வேடு முழுக்கத் தேட வேண்டும். கோப்பு அவர் மேசையிலேயே கிடக்கும். ‘4.2இல் காரணம் சேர்த்தேன், வரம்புகள் பகுதியிலும் குறிப்பிட்டேன், ப. 87, 203’ என்றால் ஐந்து நிமிட வேலை. பக்க எண்களைக் கடைசியில் நிரப்புங்கள். ஒரு பத்தி கூடினாலே எல்லாம் நகர்ந்துவிடும். ஒரு திருத்தம் ஏற்புடையதல்ல என்றால் நெறியாளரிடம் பேசி, காரணத்தை அட்டவணையிலேயே எழுதுங்கள். சத்தமில்லாமல் விட்டால் திரும்பி வரும். கேட்காத இடத்தில் கை வைக்காதீர்கள், புதுக் கேள்வி முளைக்கும்.

ஒப்புதல் வந்ததும் பொருளடக்கம், பட வரிசையைப் புதுப்பித்து பிடிஎஃப் எடுங்கள். எழுத்துருக்கள் உள்ளே பதியவில்லையென்றால் வேறு கணினியில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரியலாம். தலைப்பில் ஒரு சொல் மாறினாலும் தனி அனுமதி தேவைப்படலாம். பிறர் படங்களுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால் ஆய்வேட்டை இணையக் களஞ்சியத்தில் ஏற்றும்போதே வெளியீட்டைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். ஒருமுறை வெளியானதைத் திரும்பப் பெறுவது கடினம்.

பல்கலைக்கழக மின்னஞ்சல் ஒருநாள் முடங்கும். ஆய்விதழ்க் கணக்குகளை அதற்குள் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.