லெவலிங்: கணக்கு டேலி ஆனாலும் உயரம் தப்பாகும்

சரிவான இடத்தில் மாணவர்கள் லெவல் எடுப்பதை, அதாவது இடத்துக்கு இடம் உயர வித்தியாசம் அளப்பதை, சமீபத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் நான் செய்த அதே கூத்து. குமிழை நடுவில் நிறுத்துவது, ட்ரைபாட் காலை அழுத்திப் பதிப்பது எல்லாம் முதல் நாளே சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேக்சைட் நீளம், ஃபோர்சைட் குட்டை

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். பின்னால், உயரம் தெரிந்த இடத்தில் நிற்கும் ஸ்டாஃபை (அளவு குறித்த கோல்) படிப்பது பேக்சைட், முன்னால் அடுத்த இடத்தில் படிப்பது ஃபோர்சைட்.

கருவி 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஸ்டாஃப் 4 மீட்டர். பத்துக்கு ஒன்று சரிவில் ஏறும்போது பின்னால் 25 மீட்டர் வரை படிக்கலாம். முன்னால் 15 மீட்டரிலேயே பார்வை தரையில் முட்டிவிடும். கிடைத்த தூரத்தையெல்லாம் பயன்படுத்தினால், கருவி வைக்கும் ஒவ்வொரு நிலையிலும் 10 மீட்டர் வித்தியாசம். நானும் அப்படித்தான் 12 நிலைகள் வைத்து ஒரு மேட்டில் ஏறினேன். அதே வழியில், அதே இடங்களில் வைத்து இறங்கினேன். தொடங்கிய பெஞ்ச் மார்க்கில் (உயரம் தெரிந்த புள்ளி) வந்து முடித்தால் வித்தியாசம் வெறும் 2 மி.மீ. எனக்கு ஒரே பெருமை.

உச்சியின் உயரமோ மூன்றரை செ.மீ. கூடுதல். அதை நம்பி அடித்த முளைகளையெல்லாம் பிடுங்கி மறுபடி அடித்தோம்.

அப்புறம்தான் கருவியைச் சோதித்தேன். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை. சரியாக நடுவில் வைத்துப் படித்தால் 1.520, 1.310, வித்தியாசம் 0.210. நடுவில் வைத்ததால் கருவி பிழை செய்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு, கழிந்துவிடும். பிறகு முதல் முளையை ஒட்டி வைத்தேன்: 1.465. அடுத்தது 1.255 வரவேண்டும், 1.273 வந்தது. 60 மீட்டரில் 18 மி.மீ. என்றால் 10 மீட்டருக்கு 3 மி.மீ. பன்னிரண்டு நிலைக்கு 36.

சரி, முடிக்கும்போது ஏன் தெரியவில்லை? இறங்கும்போது பேக்சைட் குட்டை, ஃபோர்சைட் நீளம். ஏறும்போது கூடியது அப்படியே குறைந்து, தப்பு தன்னைத்தானே மறைத்துக்கொண்டது.

“ஆட்டோ லெவல்தானே சார், அதுவே சரிசெய்துகொள்ளும்” என்பார்கள். அதற்குள் இருக்கும் காம்பென்சேட்டர் கருவியின் சிறு சாய்வைத்தான் சரிசெய்யும். தொலைநோக்கியில் அளவு படிக்கும் குறுக்கிழை இடம் மாறியிருந்தால், அந்தத் தப்பான கோட்டையே விசுவாசமாகக் காட்டிக்கொண்டிருக்கும். தூரத்தைச் சமமாக வையுங்கள். அதன் மேல் இழை, கீழ் இழை காட்டும் அளவுகளின் வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கினால் தூரம் வந்துவிடும், டேப் தேவையில்லை. நிலைகள் கூடும்தான், கூடட்டும்.

கூட்டல் சரிபார்ப்பு

பேக்சைட் கூட்டுத்தொகையில் ஃபோர்சைட்டைக் கழித்தால், முதல் உயரத்துக்கும் கடைசி உயரத்துக்குமான வித்தியாசத்தோடு டேலி ஆகிறதா? கூட்டல் சரி, அவ்வளவுதான்.

சாய்ந்த ஸ்டாஃப்

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அளவு கூடும். 3 மீட்டர் உயரத்தில் 20 செ.மீ. சாய்ந்தால் கிட்டத்தட்ட 7 மி.மீ. முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டச் சொல்லி, இருப்பதிலேயே குறைந்த அளவை எழுதுங்கள்.

ரப்பர்

வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். குறிப்பேட்டில் தப்பைக் கோடு போட்டு அடித்து, மேலே எழுதுங்கள்.