கோப்பு ஏறும்போதும் வீடியோ அழைப்பு திணறாதிருக்க ரௌட்டரை அமைக்கும் முறை

வீட்டில் ஒருவர் பெரிய கோப்பொன்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கியதும் அடுத்த அறையில் நடக்கும் வீடியோ அழைப்பு திணறினால், பலரும் வேகம் கூடிய திட்டத்துக்கு மாறவே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தேவையற்ற செலவு. இணைப்பு நிரம்பும்போது மோடமில் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) நீண்ட வரிசையில் தேங்குகின்றன. குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவே போதும் என்றாலும், அதன் சிறு பாக்கெட்டுகள் கோப்பின் பெரிய பாக்கெட்டுகளுக்குப் பின்னால் நிற்க நேர்வதே கோளாறு.

இதை உறுதிசெய்ய, கேபிள் வழியே இணைத்த கணினியில், ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் ‘பிங்’ கட்டளையை ஓடவிட்டு, இணைப்பு சும்மா இருக்கையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோப்பை ஏற்றியபடியே மீண்டும் பாருங்கள். 15 மில்லிவினாடியாக இருந்தது 300, 400 என எகிறினால் தேக்கம் இருப்பது உறுதி. வைஃபையில் மட்டும் எகிறினால் அது வேறு சிக்கல். கீழே சொல்லும் முறை அதற்கு உதவாது.

தீர்வு, அந்த வரிசையை மோடமிலிருந்து நம் கட்டுப்பாட்டிலுள்ள ரௌட்டருக்கு நகர்த்துவதுதான். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரௌட்டர்களுக்கான திறமூல இயங்குதளம்) நிறுவிய ரௌட்டரில், வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் தொகுப்பைச் சேர்த்து, இணையம் வரும் இடைமுகத்தைத் தேர்ந்து, வரிசை முறையாக ‘கேக்’ என்பதைக் குறியுங்கள். 2018-இல் லினக்ஸ் 4.19 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதியில்) இடம்பெற்ற முறை இது. வேகத்தை, நெரிசலான மாலை நேரத்தில் அளந்ததில் 90 விழுக்காடாக இடுங்கள். பதிவிறக்கம் 100, பதிவேற்றம் 40 மெகாபிட் என்றால் 90000, 36000 என்று கிலோபிட் கணக்கில் எழுத வேண்டும். 36 என்று மட்டும் இட்டால் இணைப்பே முடங்கிவிடும். அந்தப் பத்து விழுக்காட்டை இழக்கப் பலருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் முழு வேகத்தை இட்டால் வரிசை மீண்டும் மோடமுக்கே போய்விடும். பாக்கெட்டுகளைக் கடத்தும் வேலையை ரௌட்டரின் தனிச் சில்லிடம் விடும் வன்பொருள் ஆஃப்லோடிங் இயங்கினால் பாக்கெட்டுகள் இந்த வரிசையைத் தொடாமலே கடந்துவிடும் என்பதால் அதையும் அணைத்துவிடுங்கள்.

முன்னுரிமை விதிகளுக்கு இதன் பிறகே வாருங்கள். குரல் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமையைக் காட்டும் எண்) 46 என்ற குறியிடுவது வழக்கம். இணைய நிறுவனங்கள் பலவும் வழியிலேயே அதை அழித்துவிடுவதால், பதிவேற்றத் திசையில் மட்டுமே அதை நம்பலாம். கேக் ஒவ்வொரு இணைப்போட்டத்தையும் தனித்தனியே பிரித்து முறைவைத்து அனுப்புவதால், பெரும்பாலான வீடுகளுக்கு விதியே வேண்டியிராது.

இறுதியில் அதே பிங் சோதனையைத் திரும்பச் செய்து, எண் இன்னும் ஏறினால் எந்தத் திசையில் ஏறுகிறதோ அந்த வேகத்தை மட்டும் ஐந்து விழுக்காடு வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.